இருபத்து மூன்றாம் நிமிடம்

பாலத்தின் நடுவில்தான், ஒவ்வொரு முறையும்.
குதிரையின் முன்கால் ஒன்று அந்தரத்தில்,
ஆற்றுக்கு மேலே பனித்துகள் அப்படியே தொங்க,
ஒலி மட்டும் ஒரே எழுத்தில் திக்கித் திக்கி,
பிறகு கறுப்பு.
பிறகு திரையில் என் முகம்.

புதிய கிராபிக்ஸ் அட்டை வந்து பதினொரு நாள்.
ஐந்நூற்று நாற்பது பிராங்க்.
ஹெர்கிங்கனில் பிறருடைய பொதிகளைப் பிரித்த
மூன்று மாத இரவுவேலையின் மிச்சம்.
என் பொதியும் அந்தப் பட்டியில்தான் உருண்டு வந்திருக்கும்,
நான் கவனிக்கவில்லை.

மின்வழங்கி பத்தாது நிரோஷி, என்றான் டாரியோ.
வாங்கினேன், எண்ணூற்று ஐம்பது வாட்.
பாலம். குதிரை. கறுப்பு.
நினைவகக் குச்சிகளைக் கழற்றி
மகளின் ஸ்ட்ராபெரி மண அழிறப்பரால்
பொன்முனைகளைத் தேய்த்து
டக்கென்று கேட்கும்வரை அழுத்தினேன்.
பாலம்.
செயலியின் தலையில் காய்ந்துகிடந்த பசையைச் சுரண்டி
புதிதாகப் பட்டாணியளவு வைத்தேன்.
அன்று மட்டும் பாலத்தைத் தாண்டியது குதிரை,
அக்கரையில் ஒரு மரம் வரைக்கும்.
அந்த ஒற்றை மரத்துக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்,
இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

திரையின் மூலையில் சின்ன எழுத்து:
எண்பத்தொன்று. எண்பத்தொன்பது.
தொண்ணூற்று நாலு பாகை.
வெளியே சுழியத்துக்குக் கீழே மூன்று,
ஆரே நதியின் மூடுபனி ஒல்டனை விழுங்கி ஒன்பதாம் நாள்.
நடுவில் ஒரு தகரப்பெட்டி.
தோசைக்கல் பதமா என்று பார்ப்பதுபோல
அதன்மேல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நான்.

மாற்றக்கூடியதெல்லாம் மாற்றி முடிந்த இரவில்
மாற்றாமல் விட்டதைத் தேடி
அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
விசிறிகளுக்கென்று ஒரு பக்கம்.
அதில் ஒரு கோடு,
ஏறவேண்டிய இடத்திலும் ஏறாமல்
தரையோடு படுத்திருந்தது.
முப்பது சதவீதத்துக்கு மேல் போகாதே,
எவ்வளவு கொதித்தாலும்.
யார் இப்படிச் சொல்லிவைத்தது?

நான்தான். நவம்பரில்.

கீழ்வீட்டுத் திருமதி நுஸ்பாவுமர்
சலவையறைக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தாள்.
அழகான கையெழுத்து. பெயர் இல்லை, ஆனால் எனக்குத்தான்.
இரவு பத்துக்குப் பிறகு தூசு உறிஞ்ச வேண்டாம்,
நட்புடன்.
தூசு உறிஞ்சவில்லை, அது விசிறி என்று சொல்ல
ஒரு வாக்கியம் தயார் செய்தேன்,
வினைச்சொல் கடைசியில் வரும்படி,
எங்கள் மொழியில்போலவே.
படிக்கட்டில் கண்டபோது வணக்கம் மட்டும் வந்தது.
மேலே ஏறி விசிறிகளைத் தணித்தேன்.
ஊரோடு கதைப்பதைக் குளியலறைக்கு மாற்றினேன்.
மகளுக்குக் கம்பளிக் காலுறை.
பழைய அட்டைக்கு அந்தக் காற்று போதும்,
அது அதிகம் கேட்கிற சாதியில்லை.
பிறகு, தணித்ததே மறந்துபோனது.

சரக்கு ரயில்கள் மட்டும் விடியும்வரை
ஜன்னலைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகின்றன.
அவற்றுக்கு யாரும் காகிதம் ஒட்டுவதில்லை.

ஒன்று இருபதுக்குக் கோட்டைப் பிடித்து
மேலே இழுத்தேன்.
பெட்டி மூச்சை உள்ளே வாங்கியது.
மூன்று விசிறிகளும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில்
மேசையில் கிடந்த திருகாணிகள் நடந்தன.
இருபத்து மூன்றாம் நிமிடம்:
எழுபத்தொரு பாகை.
பாலம் போனது. மரம் போனது.
மரத்துக்கப்பால் ஒரு மேடு இருந்திருக்கிறது,
மேட்டில் ஒரு சத்திரம்,
அதில் எனக்காக இல்லாத ஒரு விளக்கு.

கீழே கதவு திறக்கும் ஓசை.
படிக்கட்டு வெளிச்சம் என் கதவடியில்
ஒரு கோடாய் விழுந்தது.
குதிரையை நிறுத்தவில்லை.
நவம்பர் வாக்கியத்தை நாக்கில் ஒருமுறை உருட்டிப் பார்த்தேன்.
வினைச்சொல் இருந்தது,
கடைசியில்.